சேந்தனுக்கு விடைகொடுத்தது குறித்து வேம்பாற்றுக்கு விடுத்த ஓலை

திரு நிலைக்க. நீலங்குன்றத்து ஆடுகளத்தில், ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள், வெயில் ஏறுமுன் கூடியிருந்து கண்டவர்கள் இவர்கள்: பேரரசரின் களக்கண்காணி பூவணவர், நீலங்குன்றத்துக் கால்பந்தாட்டக்காரர் பதினொருவர், அவர்களுக்குத் தலைவன் தத்தனும் முன்வரிசையில் ஓடி ஆடும் நம்பனும் உட்பட, ஆட்டக்காரருக்குச் சோறாக்கும் மடைத்தலைவி ஐயாற்றாள், இவ்வோலையை எழுதும் ஓலைநாயகம் எயினன், பதினாறு ஆண்டு நீலங்குன்றத்துப் பந்துவாயிலைக் காத்த சேந்தன், நீலங்குன்றம் உடைய வேள் அழிசியார். இவர்களையன்றி வேறொருவரும் அங்கு இல்லை. பின்னாளில் நானும் இருந்தேன் என்பவன் பொய்யன்.

இவர்கள் அறிய, வேள் அழிசியார், வேம்பாற்று நாடுடையவரும் மூன்று துறைக்கும் முத்துச் சாவடிக்கும் காவலருமான வேள் மகிழ்நனாருக்கு விடுக்கும் ஓலை. வேம்பாற்றின் வயல்கள் இருபோகம் விளைக. மரக்கலங்கள் பழுதின்றிக் கரை சேர்க. தங்கள் களத்துப் புல் ஆடுவோர் காலுக்கு மெத்தென்று வளர்க. இரு குடிகளுக்கும் முப்பது ஆண்டாக உள்ள பகை ஊரறிந்தது. அதைத் தணிக்க இவ்வோலை வரவில்லை. பேரரசர் அவைக்கு விடுத்த ஓலையில் உள்ள செய்தியே இதிலும் உள்ளது. சமையற்கட்டுப் பேச்சு ஓலைக்கு ஒவ்வாதே என்று எயினன் தயங்கினான். சொன்னது சொன்னபடியே எழுதுக என்று வேள் பணித்தார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், நான்கு குடியினரும் ஆட்டக்காரரை விலைபேசி அழைப்பதில் நாட்டையே அடகு வைக்கும் நிலைக்கு வந்தபோது, ஒரு வரம்பு வேண்டும் என்று பேரரசர் அவையில் எழுந்து கேட்டவர் வேள் அழிசியாரே. தாங்கள் அந்த ஆண்டு ஒரே ஆட்டக்காரனுக்கு ஒரு யானையும் இரு தோப்பும் கொடுத்திருந்தீர்கள். ஒரு குடி தன் ஆட்டக்காரர் அனைவருக்குமாக ஆண்டுக்கு நூறு கலம் நெல்லுக்கு மேல் அளக்கலாகாது, அந்த நூறும் பேரரசரின் முத்திரையிட்ட ஒரே நெற்குதிரிலிருந்து அளக்கப்பட வேண்டும் என்று அவர் கேட்டபடியே விதி வந்தது. நெல்லுக்கு ஆடுபவன் வேம்பாற்றுக்குப் போகட்டும், பேருக்கு ஆடுபவன் நீலங்குன்றத்தில் இருக்கட்டும் என்று அவர் அன்று சொன்னதும், அவை சிரித்ததும் தங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சிரிப்பு இந்த ஆண்டு வட்டியோடு வீடு தேடி வந்தது.

ஆடித் திங்களில் தாங்கள் நம்பனை இருபத்தைந்து கலத்துக்கு அழைத்தீர்கள். நீலங்குன்றத்தில் அவன் பங்கு பன்னிரண்டு. குதிரிலோ ஒரு மணி மிச்சமில்லை. அவனை நிறுத்த வேண்டுமானால் பதின்மூன்று கலம் வேறு எவன் பங்கிலிருந்தாவது வர வேண்டும். சேந்தனின் பங்கு பதினான்கு.

வேள் தத்தனை அழைத்து யாரை வைப்பது, யாரை விடுவது என்று கேட்டார். தத்தன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னது இது: “போன வருஷம் நாம ஜெயிச்சது ஏழு ஆட்டம். அதுல ஆறு ஒத்தைப் பந்துல ஜெயிச்சது. அந்த ஒத்தைப் பந்து நம்பன் போட்டதுன்னு ஊர் சொல்லுது. சேந்தன் விடாததுன்னு நான் சொல்றேன். ஒண்ணு செய்யலாம் ஐயா. நாங்க பத்துப் பேரும் ஆளுக்கு அரைக்கலம் விட்டுத் தர்றோம். நம்பனுக்குப் பதினேழு குடுங்க. இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும்.” வேள் சினந்தார். ஆட்டக்காரன் சோற்றில் நீலங்குன்றத்தார் கைவைத்தார் என்ற பேர் தம் தலைமுறையில் வர வேண்டா என்றார். சேந்தனுக்கு முப்பத்தாறு வயதாகிறது. இடக்கையில் இரு விரல் மடங்குவதில்லை. வாயில் காக்க இளையவன் கோடன் நான்கு கலத்தில் இருக்கிறான். ஆகவே சேந்தன் போகட்டும் என்று முடிவு சொன்னார்.

சொன்ன காரணங்களில் பிழையில்லை. ஆனால் அவற்றுக்காக அம்முடிவு எடுக்கப்படவில்லை. முந்தைய ஆண்டு தாங்கள் இங்கிருந்து இருவரை அழைத்துக்கொண்டபோது, இனி நீலங்குன்றத்தான் ஒருவன் வேம்பாற்று வண்ண உடையில் ஆடக் கண்டால் தம் மீசையை மழிப்பதாக வேள் தேர்த்திருவிழாவில் பலர் கேட்கச் சொல்லியிருந்தார். நம்பன் தங்களிடம் போனால் தாங்கள் என்ன சொல்லிச் சிரிப்பீர்கள் என்று எண்ணியே அவன் நிறுத்தப்பட்டான். முப்பத்தாறு வயதுக்காரனை எவரும் அழைக்கமாட்டார் என்று எண்ணியே சேந்தன் விடப்பட்டான். இதை எழுதுகையில் எயினன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். மேலே எழுது என்று பணிக்கப்பட்டான்.

நான்கு குடிக்கும் பொதுவான வழக்கைத் தாங்கள் அறிவீர்கள். முறைக்காக இங்கே எழுதப்படுகிறது. ஆட்டக்காரனை விடுவிக்கும் குடித்தலைவர் தாமே களத்துக்கு வந்து, வாயிற்கம்பத்தின் கீழ் அவனை உட்காரவைத்து, குடியின் செம்பில் நீர் மொண்டு, அவன் பாதங்களைத் தம் கையால் கழுவ வேண்டும். கழுவப்படாதவன் விடுபடாதவன். வேளின் தந்தையார் ஒன்பது பேர் பாதங்களைக் கழுவினார். வேள் மூவர் பாதங்களைக் கழுவியிருக்கிறார். மூவரும் மூப்பால் தாமே விடை கேட்டவர்கள். போ என்று தாம் சொன்ன ஒருவனின் பாதத்தை அவர் தொட்டதில்லை.

குறித்த நாளில், முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி எயினனிடம் செம்பைக் கொடுத்தனுப்பினார். முழங்கால் வலிக்கவில்லை. அன்று காலைதான் குன்றின் மேலுள்ள கோயிலுக்கு இருநூறு படி ஏறி இறங்கியிருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் தங்கள் குடியோடு ஆடிய இறுதியாட்டத்தில், கம்பத்தில் மோதி விரல்கள் ஒடிந்த பின்னும் வாயிலை விட்டு அகலாமல் நின்று, விழாவில் முதன்முரசு முழக்கும் உரிமையை நீலங்குன்றத்துக்குப் பெற்றுத் தந்தவன் சேந்தன். அவன் முகத்தைப் பார்க்க வேளால் ஆகவில்லை.

சேந்தன் செம்பை வாங்கிக்கொண்டு, “ஐயா வரலையா?” என்று கேட்டான். பிறகு தன் பாதங்களைத் தானே கழுவிக்கொண்டு, “நானே கழுவிக்கிட்டா செல்லுமா எயினா?” என்று சிரித்தான். எயினன் இதை வேளிடம் சொல்லவில்லை. வேளும் கேட்கவில்லை.

தாங்கள் அவனை இருபது கலத்துக்கு அழைத்தபோது அவன் வராத காரணம் இதுவே. களத்தை ஒட்டிய பந்துக்கொட்டிலிலேயே தங்கி, கோடனுக்குக் கம்பத்தருகே நிற்கும் முறை சொல்லிக்கொடுத்துக்கொண்டு, தங்கள் தூதனிடம், “காலைக் கழுவாம எப்படிங்க வர்றது? ஐயா வருவாரு. முழங்கால் சரியாகட்டும்” என்று சொல்லியனுப்பியிருக்கிறான். இரண்டு திங்கள் அப்படிக் காத்திருந்தான். ஒருவன் இருபது கலத்தை வேண்டாமென்றால் இருபத்தொன்று அவனுக்கு எங்கோ கிடைக்கிறது என்று தாங்கள் எண்ணியது இயல்பே. நீலங்குன்றத்தார் முத்திரையை உடைத்து, வரம்புக்கு மேல் ஒருவனுக்கு நெல் அளக்கிறார்கள் என்று தாங்கள் பேரரசருக்கு எழுதினீர்கள்.

ஐப்பசி ஐந்தாம் நாள் களக்கண்காணி பூவணவர் வந்தார். முத்திரை பழுதின்றி இருந்தது. குதிரிலிருந்த நெல்லை அளந்தார், கணக்கில் ஒரு படியும் குறையவில்லை. பின் பந்தியைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார்; பன்னிரண்டு இலை விழுந்திருந்தது. ஐயாற்றாளை அழைத்துக் கேட்டார்கள். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்று சொன்னாள்:

“பானைக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. பதினோரு பேர் சோத்தைப் பன்னெண்டு இலையில போடுறேன். ஏன்டா இப்படின்னு கேட்டா, ‘எங்க இலை, எங்க சோறு, உனக்கென்ன போச்சு’ன்னு தத்தன் மூஞ்சியைக் காட்டுறான். இதோ நிக்கிறாரே இருபத்தஞ்சு கலத்துக்காரரு, இவரைக் கேளுங்க.”

நம்பன் தலை குனிந்து, “என் இலையிலதான் பாதி போச்சு, கிழவி. ஓடி ஓடி இளைச்சுட்டான்னு ஐயா போன வாரம் புகழ்ந்தாரே, அது பட்டினியில இளைச்சது” என்றான். ஆட்டக்காரர் சிலர் சிரித்தார்கள். கண்காணியும் சிரித்தார்.

வேள் சிரிக்கவில்லை. தம் சோற்றுப் பந்தியில் எவனும் அரை இலையோடு எழுந்ததில்லை என்று நான்கு குடிகளிலும் சொல்லித் திரிந்தவர் அவர். தத்தன் ஆடியில் கேட்ட அரைக்கலத்தைப் பெருமைக்காக மறுத்தவரும் அவரே. அவர் மறுத்ததை அவர் முதுகுக்குப் பின்னால் அவர்கள் செய்திருந்தார்கள், அதுவும் அவர் விரட்டிய ஒருவனுக்காக.

அப்போது கண்காணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சேந்தனின் பாதம் கழுவப்பட்டதா? கழுவப்பட்டிருந்தால் அவன் அயலான். அவனுக்கு நண்பர்கள் சோறிட்டது குடியின் குற்றமாகாது. ஆனால் அயலான் ஒருவன் பிற குடியின் களத்தில் தங்கிப் பயிற்சியில் கலந்தமையால், விதிப்படி மூன்று ஆண்டு அவன் எந்தக் களத்திலும் இறங்கலாகாது. கழுவப்படவில்லையென்றால் அவன் இன்னும் நீலங்குன்றத்தான். அவன் பதினான்கும் சேர்ந்தால் வரம்பு மீறியதாகும். குடி முதன்முரசை இழந்து ஓராண்டு களத்துக்கு வெளியே நிற்க வேண்டும்.

வேள் அழிசியார், எழுபத்திரண்டு வயதினர், பேரரசர் அவையில் பொய் புகன்றறியாக் குடியினர் என்று பட்டம் பெற்றவர், “கழுவினோம்” என்றார்.

எயினன் தன் எழுத்தாணியைப் பார்த்தான். தத்தன் புல்லைப் பார்த்தான். கண்காணி சேந்தன் பக்கம் திரும்பி, உண்மைதானா என்றார்.

“ஆமாங்க. கழுவினாங்க” என்றான் சேந்தன். “தண்ணி நல்லாச் சில்லுன்னு இருந்துச்சு.”

அப்படியே எழுதப்பட்டது. சேந்தன் தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டான்.

மறுநாள் காலை ஐயாற்றாள் குடியின் செம்பைக் கொண்டுவந்து வேளின் முன் வைத்தாள். “கொட்டில்ல இருந்துச்சுங்க. புளி போட்டு விளக்கிக் கவுத்து வெச்சுட்டுப் போயிருக்கான். இனிமே இதுல யாருக்குத் தண்ணி மொள்ளப் போறீங்க?” வேளை இப்படிக் கேட்டவர் இதற்குமுன் எவருமில்லை. அவள் தண்டிக்கப்படவில்லை, தண்டிக்கப்படவும் மாட்டாள் என்பதும் இங்கே குறிக்கப்படுகிறது.

வேள் குடையின்றி நடந்து ஓடத்துறைக்குப் போனார். முந்தைய நாள் மழையால் ஆறு பெருகி ஓடம் நின்றிருந்தது. சேந்தன் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். வேளைக் கண்டு எழுந்து, களத்துக்குத் திரும்புக என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, “எழுதினது எழுதினதாவே இருக்கட்டுங்க. எனக்கு மூணு வருஷந்தானே? குடிக்குப் பேரு போனா வருமா?” என்றான். குடியின் பேரை நேற்று முதல் நீ ஒருவனே சுமக்கிறாய், அதை இறக்கி வை என்று வேள் சொன்னார். சேந்தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னே நடந்தான். பின்னே நடக்கவில்லை.

மூன்று காதம் போயிருந்த கண்காணி திருப்பி அழைக்கப்பட்டார். ஒன்பதாம் நாள், தொடக்கத்தில் பெயர் சொல்லப்பட்டோர் காண, ஐந்தாம் நாள் தாம் சொன்னது பொய் என்று வேள் தம் வாயால் அவரிடம் சொன்னார். அதன் பின் கம்பத்தின் கீழ் வழக்கு நிறைவேறியது.

ஆதலால் தாங்கள் அறிக. சேந்தன் மீதிருந்த மூன்றாண்டுத் தடை நீங்கியது. அவன் இன்று முறையாக விடுபட்டவன்; எக்குடிக்கும் போகலாம். தாங்கள் சொன்ன இருபது கலம் இன்னும் நிற்குமாயின் அவன் வருவான். இடக்கையில் இரு விரல் மடங்காது என்பதை அறிந்தே அழைக்க. அந்தப் பக்கமாகப் பந்து உள்ளே போனதை ஆறு ஆண்டில் நான்கு முறையே நீலங்குன்றத்தார் கண்டனர். நெற்குதிரின் முத்திரை பற்றித் தாங்கள் எழுதியது பிழை. அதைத் தாங்கள் திரும்பப் பெற வேண்டும். மற்றதற்கு நீலங்குன்றம் தலை வணங்குகிறது.

நீலங்குன்றத்தாருக்கு ஆணை: அடுத்த ஐப்பசி வரை நம் குடி எக்களத்திலும் இறங்காது. இறங்காவிடினும் ஆட்டக்காரர் பங்கு குறைவின்றி அளக்கப்படுக. போக விரும்புவோர் பாதங்களை, நம்பன் உட்பட, வேளே கழுவுவார். முதன்முரசு இவ்வோலையோடு எருதின் மேல் ஏற்றி வேம்பாற்றுக்கு அனுப்பப்படுக; போகும் வழியில் எவனும் அதை அடிக்கலாகாது. சேந்தன் வேம்பாற்று வண்ணம் அணியும் நாளில் வேள் தேர்த்திருவிழாவில் சொன்ன சொல் நிறைவேறும். பார்த்துவர வேம்பாற்றார் ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

இது நீலங்குன்றத்து வேள் அழிசியார் ஓலை. குன்று முத்திரை இடப்பட்டது. இதை எழுதினேன் ஓலைநாயகம் எயினன். செம்பைச் சுமந்து போனவனும் நானே.

ஓலையைக் கட்டுமுன் வேள் பணித்துச் சேர்த்தது: வேள் குனியப் போகையில் சேந்தன் காலை இழுத்துக்கொண்டதாகவும், கைபிடித்து அவரைத் தூக்கி நிறுத்தியதாகவும், குனியாமலே வழக்கு முடிந்ததாகவும் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். வேளுக்கு அது பெருமை என்று எண்ணிப் பேசுகிறார்கள். அது பொய். சேந்தன் காலை நீட்டினான். வேள் குனிந்து கழுவினார். இரண்டு பாதங்களையும்.