அத்த வாயால மூணு தரம்

என் கண்ணான அக்கா தேசம்மாவுக்கு,

உன் தங்கச்சி அஞ்சல சொல்றேன். எழுதறது நான் இல்ல, எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியாதா இன்னா. என் ஊட்டுக்காரரு கம்பி மில்லுல ஷிப்டு முடிச்சிக்கினு வந்து, கைகால் கழுவிட்டு, நோட்டு வெச்சிக்கினு குந்திக்கினு கீறாரு. "நீ சொல்றத நான் கொஞ்சம் நல்லா மாத்தி எழுதறேண்டி"ன்றாரு. ஒண்ணும் வாணாம், என் வாயில வர்றத அப்படியே எழுது, எங்கக்காவுக்கு என் பேச்சு தான் தெரியும்னுட்டேன்.

மில்லு சங்கத்துல மாசாமாசம் ஒரு பொஸ்தகம் போடறாங்க. இத அதுல போடப் போறாராம். போடட்டும். உன் புகுந்த ஊட்டு ஆளுங்க கையிலயும் ஒண்ணு போயி சேரட்டும்.

நேத்து உன் பொண்ண ஸ்கூல்ல சேத்தாச்சு. உன் நாத்தனாரு சகுந்தலா வந்திருந்தா. அங்க அவ வாயால இன்னா சொன்னான்னு உனக்குச் சொல்லத் தான் இந்தக் கடுதாசி. ஆனா எடுத்த எடுப்புல சொல்லிட்டா இன்னா ருசி? பொறு.

நம்ம ரயிலு ஞாபகம் கீதா? கடம்பத்தூர்லருந்து நீ ஒரு யூனிட்டு ரயில்ல வருவ, கும்மிடிப்பூண்டிலருந்து நான் ஒண்ணுல வருவேன். ரெண்டு பேரும் சென்ட்ரல்ல எறங்கி, டிக்கெட் கவுண்டராண்ட ஒருத்தியை ஒருத்தி தேடுவோம். என் ரயில்ல பொன்னேரியில மீன் கூடைங்க ஏறும். ஆசுபத்திரிக்கு மீன் நாத்தத்தோட போவக் கூடாதுன்னு நான் கதவாண்டயே நின்னுக்கினு வருவேன். ஒரு நாளு ஒரு மீன்கார அம்மா, "இன்னாமே மூக்கப் பொத்திக்கிற, ரெண்டு மாசம் போனா நீயே கேட்டு வாங்கித் துன்னுவ"ன்னா. வயித்துல நின்னுடுச்சின்னு எனக்கே அன்னைக்குத் தெரியாது அக்கா. டாக்டரு ரத்தம் எடுத்து மிஷின்ல போட்டுக் கண்டுபுடிச்சாரு, அந்தம்மா மூஞ்சப் பாத்தே சொல்லிடுச்சி. சரி, நான் எங்கியோ போயிட்டேன்.

அந்த சென்ட்ரல்ல, சிமெண்டு பெஞ்சியில குந்திக்கினு தான் நீ கேட்ட. உன் கர்ப்பப்பையில புள்ள தங்காதுன்னு டாக்டரு கைய விரிச்ச அன்னைக்கு. "அஞ்சல, முட்டை என்னுது, மாமா ரத்தம். சுமக்க எடம் தான் இல்ல. உன் வயித்த பத்து மாசம் தரியா?" பக்கத்து ஊட்ல இட்லிப் பான கேக்கற மாதிரி கேட்ட. நான் சிரிச்சிட்டேன். நீ சிரிக்கல.

ஏன் சிரிப்ப? ஒம்போது வருசம் அந்த ஊட்ல உன் பேரைச் சொல்லி உன்னை யாரு கூப்புட்டா? புருஷன் ஊட்டுலருந்து திரும்பி வந்து, தம்பி ஊட்டு சாவிய இடுப்புல சொருவிக்கினவ சகுந்தலா. அவ ஊரக் கூட்டிச் சொல்லுவா, "எங்க நெலத்துல ஒரு காணி கூட தரிசு கெடையாது. ஊட்ல தான் ஒரு தரிசு குந்திக்கினு சோறு துன்னுது." அன்னையிலருந்து உனக்கு அதே பேரா ஆயிடுச்சி. "ஏ தரிசு, மோரு எடுத்துக்கினு வா." "ஏ தரிசு, மாட்டுக்குத் தண்ணி காட்டு." எல்லை அம்மன் பேரை உனக்கு நம்ம அப்பன் ஆசையா வெச்சான். அந்தப் பேரு அவ நாக்குல ஒரு தரம் வந்துது இல்ல.

என் வயித்துல வளந்தா ஊரு சிரிக்கும்னு அவ தான் ரோசனை பண்ணா. நான் கும்மிடிப்பூண்டி லைன் ஊட்லயே கெடக்கணும், அந்தப் பக்கமே வரக் கூடாது. ஆசுபத்திரி காகிதத்துல எங்கியும் என் பேரு இருக்கக் கூடாது, எல்லாம் உன் பேருல தான். நீ ஊருல துணி கட்டி வயிறு காட்டணும்.

அதான் அந்தப் புது நர்சு வந்து "தேசம்மா!"ன்னு கத்துனப்ப நாம ரெண்டு பேரும் எந்திரிச்சோம். "என்னம்மா, ஒரே பேரா ரெண்டு பேருக்கும்?"ன்னு அது முழிச்சிது. நீ பட்டுனு சொன்ன, "ஆமா சிஸ்டர், எங்கப்பனுக்கு வேற பேரே தெரியாது." அங்க குந்தியிருந்த பொம்பளைங்க அத்தினி பேரும் சிரிச்சாங்க. அந்த எடத்துல யாரும் சிரிச்சி நான் பாத்ததே இல்ல. அவளுங்க அவளுங்க ஊட்ல அவளுங்களுக்கு இன்னா பேரோ.

ஊசி, மாத்திரை எல்லாம் எனக்கு மறந்துடுச்சி. இடுப்புல குத்திக் குத்திக் கல்லு மாதிரி ஆனது, ஸ்கேனுக்கு வயித்துல தடவற அந்த ஜில்லுன்னு கீற பசை, அதுங்கூட மறக்கும். நீ லேடீஸ் ரூம்ல என் வயித்த சாண் போட்டு அளந்தது மறக்காது. அந்த அளவுக்கு அம்மாவோட இலைப்பச்சப் பொடவைய மடிச்சி நீ கட்டிக்குவ. ஒத்த ரூபா போன்ல கூப்புட்டு, "எனக்கு அஞ்சாவது மடிப்பு ஆயிடுச்சி, உனக்கு எப்படி?"ன்னுவ. உனக்கு அங்க வளகாப்பு நடந்துச்சே, மறுநாளு சென்ட்ரல்ல பாதி வளையலக் கழட்டி என் கையில மாட்டுன. "இது எனக்குப் போட்டது இல்லடி, உனக்குப் போட்டது"ன்ன.

ஏழாம் மாசம் செக்கப்புக்கு நீ வரல. ரெண்டு ரயிலு பாத்தேன். மூணாவதும் பாத்தேன். அப்பால நான் ஒண்டியா போனேன். நர்சு "தேசம்மா"ன்னு கூப்புட்டுது. அன்னைக்கு நான் ஒருத்தி தான் எந்திரிச்சேன்.

அந்த நேரத்துல நீ மஞ்சக் காமாலையில கண்ணு தெறக்காம கெடந்தன்னு எனக்கு எப்படித் தெரியும்? மாமா அப்பறம் தான் அழுதுக்கினே சொன்னாரு. "ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கினு போலாம்னேன், அஞ்சல. எங்க சகுந்தலா அக்கா தான் விடல. வயித்தத் தொட்டுப் பாப்பாங்க, துணி வெளிய வந்துடும், மானம் பூடும், ரெண்டு நாளு பொறுத்துக்கோன்னு கீழாநெல்லி அரச்சிக் குடுத்துது." மூணு நாளு. நாலாம் நாளு திருவள்ளூருக்கு ஆட்டோவுல போட்டாங்க. போற வழியிலயே பூட்ட.

புள்ளத்தாச்சி சாவு ஊட்டுக்குப் போவக் கூடாதுன்னாங்க. போனேன். உன்னைக் குளிப்பாட்டறப்ப பொம்பளைங்க முன்னால அந்தத் துணி அவுந்து விழுந்துச்சி அக்கா. எதை மறைக்கறதுக்கு உன்னை மூணு நாளு போட்டு வெச்சாளோ, அது ஊரே பாக்க வாசல்ல கெடந்துச்சி. நான் என் வயித்த வெச்சிக்கினு அதுக்குப் பக்கத்துல நின்னேன். எல்லாருக்கும் வெளங்கிடுச்சி. செத்தவங்க துணிய எடுக்கக் கூடாதும்பாங்க. நான் குனிய முடியாம குனிஞ்சி எடுத்துக்கினு வந்துட்டேன்.

புள்ள பொறந்துச்சி. பொண்ணு. ஆசுபத்திரியில அம்மா பேரு தேசம்மான்னு எழுதிக் குடுத்தாங்க. சகுந்தலா பண்ணி வெச்ச வேலை, அவ கழுத்துலயே வந்து சுத்திக்கிச்சி. அந்தக் காகிதத்துல நீ சாவவே இல்ல.

பதினொண்ணாம் நாளு மாமாவோட வந்து நின்னா. துணி அவுந்ததுலருந்து ஊருல ஒருத்தரும் அவகூட மூஞ்சி குடுத்துப் பேசல. புள்ளயத் தூக்கிக்கினு தெருவுல நடந்தா எல்லாம் சரியா பூடும்னு நெனப்பு. "எங்க ஊட்டுப் புள்ள, குடு"ன்னா.

"எங்கக்காவ நம்பிக் குடுத்தோம், திரும்பி வந்துதா? புள்ளய குடுக்க மாட்டேன். பாக்கணும்னா பாத்துக்கோ. ஆனா மொறை ஒண்ணு கீது. அத்த தான் புள்ள காதுல மூணு தரம் பேரு சொல்லணும். சொல்லிட்டுப் பாரு"ன்னேன்.

"ஸ்வேதான்னு வெக்கலாம்"னா.

"அந்தப் பேரை உன் ஊட்டு நாய்க்கு வெச்சிக்கோ. இவ பேரு தேசம்மா."

மாமாவத் திரும்பிப் பாத்தா. அந்த மனுஷன் வாழ்க்கையில மொத தடவையா, "சொல்லுக்கா"ன்னாரு.

புள்ள தூங்கற ஏணையாண்ட குனிஞ்சா. துணியப் பாத்தா. இலைப்பச்ச. மடிப்பு விழுந்த கோடு இன்னும் போவல. அவ கை அப்படியே நின்னுடுச்சி. ஆமா அக்கா, உன் வயித்தப் பிரிச்சித் தான் ஏணை கட்டியிருந்தேன். வேணும்னே தான் கட்டுனேன்.

மொத தரம் முணுமுணுத்தா. "புள்ளைக்குக் கேக்கல"ன்னேன். ரெண்டாவது சொன்னா. "எனக்குக் கேக்கல." மூணாவது சொன்னது லைன் ஊடு அத்தினியும் கேட்டுச்சி. பக்கத்து ஊட்டுக்காரி கரண்டியோட வெளிய வந்துட்டா.

அதுக்கப்பறம் அஞ்சு வருசம் ஓடிடுச்சி. மாமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கொய்யாப்பழம் வாங்கிக்கினு வராரு. சகுந்தலாவும் எப்பவாச்சும் வருவா. வாசல்ல நின்னு "பாப்பா"ன்னா உன் பொண்ணு திரும்ப மாட்டா, "தங்கம்"னாலும் மாட்டா. நான் பழக்கி வெச்சிக்கீறேன். பேரைச் சொன்னா தான் கதவு. அந்த ஊட்டு நெலம் மொத்தம் கம்பெனிக்காரங்கிட்ட பூடுச்சி. அவன் சுத்தி மதிலு எழுப்பிட்டு ஒண்ணியும் கட்டல, வேலிக்கருவ மண்டிக் கெடக்குது. ஒரு தரம் அதப் பாக்கறதுக்குன்னே ரயிலேறிப் போயி, நல்லா பாத்துட்டு வந்தேன். தரிசுன்னா அது தான் தரிசு.

போன வாரம் வந்தவ, குரல எறக்கிப் பேசனா. "அஞ்சல, ஸ்கூல்ல சேக்கறப்ப ஸ்வேதான்னு மாத்திடு. அம்மா பேரு எடத்துல உன் பேரையே போட்டுக்கோ. பெத்தவ நீ தான? செத்தவ பேரு எதுக்கு புள்ளைக்கு? எங்க வேணும்னாலும் வந்து சாட்சி சொல்றேன்."

உங்கிட்ட மறைக்க மாட்டேன். ஒரு நிமிசம் எனக்கு ஆச வந்துச்சி. உன் பொண்ண, என்னைச் சின்னம்மான்னு கூப்புடத் தான் பழக்கிக்கீறேன். தூக்கத்துல மட்டும் "அம்மா"ன்னு என் பொடவையப் புடிப்பா. அந்த நேரம் நான் அசைய மாட்டேன், மூச்சக் கூட மெல்லமா உடுவேன். அது உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா கோவிச்சிக்குவியா?

ஆனா சகுந்தலா கண்ணப் பாத்தேன். எனக்குக் குடுக்கறதுக்கு வரல அவ. உன்னை இன்னொரு தரம் மூடி வெக்கறதுக்கு வந்துக்கீறா. "சரி, ஸ்கூலுக்கு வா, பேசிக்கலாம்"னேன்.

நேத்து வந்தா. நல்ல பொடவ கட்டிக்கினு வந்தா. பெரிய டீச்சரு பேனாவத் தெறந்துக்கினு, "குழந்தை பேரு?"ன்னாங்க. நான் ஒரு அடி பின்னால நவுந்துக்கினேன். "பேரு வெச்சது அத்த தான் டீச்சர், அவங்களயே கேளுங்க."

என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வ. நான் பைய்யிலருந்து சர்டிபிகேட்ட எடுத்து மேசையில வெச்சேன். உன் பொண்ணு அவ விரலப் புடிச்சி இஸ்துச்சி, "சொல்லு அத்த, டீச்சர் கேக்கறாங்க இல்ல."

"தேசம்மா"ன்னா.

"அம்மா பேரு?"

தொண்டைய செருமிக்கினா. "தேசம்மா."

டீச்சரு பேனா நின்னுடுச்சி. "என்னம்மா, ஒரே பேரா ரெண்டு பேருக்கும்? சரியா சொல்லுங்க."

"தேசம்மா தான்."

மூணு. நான் எண்ணிக்கினு தான் இருந்தேன். அப்ப தான் வாயத் தெறந்தேன். "ஆமா டீச்சர், இவங்க ஊட்ல வேற பேரே தெரியாது."

டீச்சரு சிரிச்சாங்க. உன் பொண்ணும் சிரிச்சா, அச்சு அசலா நீ தான். வெளிய வந்து கொழாயாண்ட சகுந்தலா மூஞ்சக் கழுவிக்கினே இருந்தா, ரொம்ப நேரம். எனக்குப் பாவமா இருந்திருக்கணும் இல்ல? இல்ல அக்கா. துடைக்க என் முந்தானையக் கூட நீட்டல.

எழுதறவரு இங்க நிறுத்திட்டு, "போதும் உடேண்டி, வயசான பொம்பள"ன்றாரு. எழுதுய்யா நீ. மூணு நாளு போட்டு வெச்சப்ப எங்கக்கா வயசப் பாத்தாளா அவ?

இன்னும் காது குத்து கீது. பெரிய மனுஷி ஆனா சடங்கு கீது, கல்யாணம் கீது. எல்லாத்துக்கும் அத்த தான் முன்னால நிக்கணும், அது மொறை. நான் உயிரோட கீற வரைக்கும் ஒண்ணுக்கும் அவளக் கூப்புடாம உட மாட்டேன். வெத்தல பாக்கு வெச்சி, மரியாதையா கூப்புடுவேன். ஒவ்வொரு தரமும் கூட்டத்துல நிக்க வெச்சி, உன் பேர அவ வாயால மூணு தரம் சொல்ல வெப்பேன். இது உன் மேல சத்தியம், உன் பொண்ணு மேல சத்தியம்.

இப்படிக்கு,
தேசம்மான்னு கூப்புட்டா இன்னைக்கும் பாதி எந்திரிச்சிட்டுக் குந்தற
உன் தங்கச்சி அஞ்சல