உன் அடுப்புப் புகையும் என் பொறாமையும்

என் ஆசை அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆனதும் கொடுமுடி ஆற்றங்கரையில் மாமா உனக்குத் திதி கொடுத்தார். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன். கண்ணை மூடியும் மனசு அடங்கவில்லை. உனக்காக மட்டும் காவிரி கரை தொட்டுப் போகிறாளே என்று நினைத்தது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். அழுகை அதற்குப் பின்னால்தான் வரும். சாமி சன்னிதியில்கூட அந்த வரிசை மாறுவதில்லை.

ஒரே வீட்டில் பிறந்தோம். உன்னைக் கோபியில் வாய்க்கால் பாயும் வயலுக்கு நடுவே கொடுத்தார்கள். என்னை மதுக்கரையில் லாரி ஓடும் சாலையோரம் கொடுத்தார்கள். எதையும் கணக்குப் பார்த்தே பழகியவள் நான். காற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. உனக்கு வந்த காற்று என்ன, எனக்கு வந்தது என்ன?

நீ என் வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் காரியம் நினைவிருக்கிறதா? ஜன்னல் கட்டையில் விரலை இழுத்து, ஒட்டிய புழுதியை என் முகத்துக்கு நேரே காட்டுவாய். "ஏங்கண்ணு, இதுக்குள்ள எப்பிடித்தான் மூச்சு உடறயோ? ரெண்டு நாளு எங்கூட்டுக்கு வந்து நல்ல காத்தக் குடிச்சுப்போட்டுப் போ" என்பாய். அன்று காலையில்தான் ஈரத்துணி போட்டுத் துடைத்திருப்பேன். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பல்லைக் கடிப்பேன்.

அப்புறம் உன் சமையல். அரிசிம்பருப்பு சாதம் நீயும் நானும் அம்மாவிடம் ஒன்றாகத்தான் கற்றோம். ஆனாலும் சொந்தபந்தமெல்லாம் உன் சாதத்தைத்தான் பேசும். விறகடுப்பு மணம் கேஸில் வருமா என்று என் வீட்டு இலை முன்னால் உட்கார்ந்துகொண்டே கேட்பார்கள். மாமா கேஸ் அடுப்பு வாங்கி வைத்தும் நீ அதில் டீ மட்டும்தான் போட்டாய். ஜன்னல் இல்லாத அந்தச் சமையல்கட்டில் தென்னமட்டையும் வேலஞ்செத்தையும் எரிய, ஊதுகுழலோடு குனிந்தே கிடந்தாய். கூரை கறுத்தது. சுவர் கறுத்தது. உள்ளே என்ன கறுத்ததென்று யார் பார்த்தார்கள்?

இருமல் நிற்காமல் போய், வாசல்படி ஏறவே நீ இளைத்தபோது, கோயம்புத்தூருக்கு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். வீட்டில் சிகரெட் பிடிப்பவர் உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். எந்த அடுப்பில் சமையல் என்றார். நீ பெருமையாகச் சொன்னாய். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சிகரெட் புகை நெஞ்சுக்குச் செய்வதை விறகுப் புகையும் செய்யும் என்றார். விரலில் ஒட்டும் புழுதி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடுமாம். புகையில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத துகள்தான் நுரையீரலின் அடிவரை இறங்கி, ரத்தத்தில் கலந்து, இதயத்தையும் கெடுக்குமாம். உன் மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது, பழையபடி விரியாது, இனியாவது புகையில் உட்காராதீர்கள் என்றார். நீ அவரைச் சமாதானம் செய்வதுபோலச் சொன்னாய்: "வெளிப்பொகை இல்லீங்க டாக்டர். நம்ம தோட்டத்து வெறகுதானுங்க."

அவர் பேனாவை எடுத்து மருந்து எழுதத் தொடங்கினார், பாவம்.

ஊர் திரும்பியதும் உன் நோய்க்கு வேறு காரணம் தயாராக இருந்தது. மதுக்கரைக்குப் போய்ப் போய் அந்தப் புழுதியைத் தின்றுதான் இப்படி ஆனது என்றாள் மாமாவின் தங்கை சரசக்கா. வருஷத்துக்கு இரண்டு தரம் நீ வந்துபோன வீடு, அக்கா. என் வீட்டுக் காற்று யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தும்மல் உண்டு, இவருக்கும் மாசி பிறந்தால் இளைப்பு உண்டு. ஆனால் உன் நெஞ்சை அடைத்தது அதுவா? சரசக்கா சொன்னபோது நீ பக்கத்தில்தானே இருந்தாய். ஏன் வாயைத் திறக்கவில்லை?

இப்போது சேதிக்கு வருகிறேன். உன் மருமகள் சௌமியா முழுகாமல் இருக்கிறாள். திதியன்று அவளுக்கு ஐந்தாம் மாசம். மதுக்கரைப் புழுதி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதென்று என் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதே பிள்ளைத்தாச்சியைத் திதியன்று விடிந்ததிலிருந்து உன் அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அத்தை அடுப்பில் வெந்தால்தான் அத்தைக்குப் படையல் என்றார்கள்.

கொடுமுடியிலிருந்து திரும்பி உள்ளே போனால் புகையில் அவள் முகமே தெரியவில்லை. இருமல்தான் கேட்டது. உன் இருமல், அக்கா. அதே இழுப்பு. கையைப் பிடித்து எழுப்பினேன். "வெந்துட்டு இருக்குதுங்க சின்னத்தை, இப்ப வந்தர்றேனுங்க" என்று சிணுங்கினாள். வாசலுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சரசக்கா வழியை மறித்தாள். "எங்கண்ணி இருக்கறப்பவும் உனக்கு வயித்தெரிச்சல். செத்தும் தீரலியா அம்மணி? அந்த அடுப்ப அணைச்சுப்போட்டா அவ பேரும் அணைஞ்சு போயிரும்னு பாக்கறயா?"

பந்திக்கு வந்தவர்கள் எல்லார் காதிலும் விழுந்தது. பொய்யும் சொல்லவில்லையே அவள்.

"பொறாமை இருக்குதுங்க. இல்லீன்னு சொல்லுல. பொறாமைக்காரி சொன்னா பொகை பொய்யாயிருங்களா?" என்றேன். "எங்கக்காள எந்த அடுப்புன்னு கேட்ட மாதிரியே இந்தப் புள்ளையவும் டாக்டர் கேப்பாருங்க. அப்ப மதுக்கரைப் புழுதின்னு சொல்ல முடியாது. அவதான் அங்க வர்றதே இல்லியே."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தச் சாதத்தை நான் தொடவில்லை. மணம் மட்டும் நடுவாசல் வரை வந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அடுத்த முறை சௌமியாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது மாமாவும் கூடப் போயிருக்கிறார். தாய் குடிக்கும் புகை பிள்ளைக்கும் போய்ச் சேரும், எடை குறைந்து பிறக்கலாம் என்று லேடி டாக்டர் சொன்னாராம். வந்ததும் ஆளை வைத்துச் சமையல்கட்டுச் சுவரை இடித்து ஜன்னல் வைத்தார். அடுப்பில் மண்ணை அள்ளிப் போட்டு மூடினார். இப்போது எல்லாம் கேஸில்தான்.

போன வாரம் வளைகாப்பு. நானும் போய்ப் பரிமாறினேன். அடுப்பு எங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்க, மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அவ கனவுல வந்து சொல்லிப்போட்டாளுங்க. புள்ளைய அந்தப் பொகையில உக்கார வெக்காதீங்கன்னு."

எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். செத்தும் குடும்பத்தைக் காக்கிறாள் மகராசி என்றாள் சரசக்கா. நான் கரண்டியும் கையுமாக நின்றேன். சௌமியா மட்டும் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரித்தாள்.

கத்தினது நான், பேச்சு வாங்கினது நான், பேர் மட்டும் உனக்கா? நிஜமாகவே மாமா கனவில் வந்தாயா? அப்படியானால் என் கனவில் ஏன் ஒருநாளும் வரவில்லை? வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நான் சொன்னதென்றால் நாளைக்கே சரசக்கா மண்ணைத் தோண்டி நெருப்பு மூட்டுவாள். நீ சொன்னதை மீற அந்த வீட்டில் ஆள் இல்லை.

அதனால் சத்தியம் செய்து தருகிறேன், அக்கா. யார் கேட்டாலும் சொன்னது நீதான் என்பேன். உன் பேரனோ பேத்தியோ வளர்ந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வயிறு எரியத்தான் செய்யும், பொறுத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை இளைக்காமல் ஓடட்டும்.

உன்னைப் பார்த்துப் பொறாமைப்படவே கூடப் பிறந்த
உன் தங்கச்சி,
மதுக்கரை