அடுப்புக்குள் போன உப்பு

மோர்டன், 12.01.2008, சனி

இன்னும் கோபம் அடங்கவில்லை. புது விறகடுப்புக்குள் புகையையே எரித்து வீட்டைச் சூடாக்கும் வினையூக்கி இருக்கிறது. உப்புப் பட்டால் அது பழுதாகும் என்று பூட்டிய அன்றே எல்லோருக்கும் சொன்னேன். இன்று மாமி என் மகனுக்கு நாவூறு கழித்து, உப்பையும் செத்தல் மிளகாயையும் அதற்குள்ளேயே போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

"நெடியே வரேல்லை தம்பி! பிள்ளைக்கு எவ்வளவு நாவூறு எண்டு பாருங்கோ."

நெடியெல்லாம் புகைபோக்கியால் போய்விட்டது, மாமி! வாய்வரை வந்ததை விழுங்கினேன். மனைவி தன் தாயின் பக்கத்தில் நின்று என்னை முறைத்தாள்.

மாமி இன்னொரு பிடி உப்போடு வந்து அடுப்பைச் சுற்றினார்.

"புது அடுப்பெல்லோ, இதுக்கும் ஆரும் கண் வைச்சிருப்பினம். கதவைத் திறவுங்கோ."

திறந்தேன். நானேதான் திறந்தேன்.