முதலில் இறங்கியவள்

அன்புள்ள ஃபெர்மினுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே சிலியில், திராட்சைத் தோட்டத்தில் பன்னிரண்டு பெண்களுக்கு என்னைத் தலைவியாக்கியதை எழுதியிருந்தேனே. போன செவ்வாயன்று கொடிகளுக்கு அடித்த மருந்தின் ஈரம் காயும் முன்பே மேலாளர் எங்களை உள்ளே இறங்கச் சொன்னார். ஆறு மாதக் கர்ப்பிணி நிக்கோலாசா என் முகத்தையே பார்த்தாள். அவளையா உள்ளே அனுப்புவேன்?

"முதல்ல நான் போறேன். மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா நீங்க வாங்கடி" என்றேன்.

பத்து மணிக்கே கண் எரிந்து நீராகக் கொட்டியது. "என்னம்மா, பொலிவியாவுல வெங்காயமே உரிச்சதில்லையா?" என்று மேலாளர் சிரித்தார். ஆனால் ஒருத்தியும் உள்ளே இறங்கவில்லை. பன்னிரண்டு பேரும் நலம்.

மறுநாள் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கண் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். இதை நான் சொல்லச் சொல்ல நிக்கோலாசாதான் எழுதுகிறாள். அழாமல் எழுதடி என்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறாள்.

என் கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். பதிலைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இல்லை, ஃபெர்மின், எழுத வேண்டாம். பஸ் ஏறி வந்துவிடுங்கள்.

உங்கள்
எர்மினியா