விண்வெளியிலிருந்து திரும்பியவன்

கராடி, ஞாயிறு, ஜூலை 2004

நான் பார்த்த இரண்டு டிவி தொடரிலும் கதை ஒன்றுதான். விண்வெளிக்குப் போனவன் பல வருடம் கழித்து வீடு திரும்புகிறான். இந்தித் தொடரில் மகள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். ஆங்கிலத் தொடரில் அவளுக்கு அவனை அடையாளமே தெரியவில்லை. அவன் மறுபடி விண்கலத்தில் ஏறிவிடுகிறான். எனக்கு இந்திதான் பிடித்தது. அசட்டுத்தனம்தான், இருக்கட்டும்.

இன்று காலை இவர் அமெரிக்காவிலிருந்து வந்தார், ஒன்றரை வருடம் கழித்து. எங்கள் நாலு வயது மகள் அனு ஓடி வரவுமில்லை, ஒளிந்துகொள்ளவுமில்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குக் கொடுப்பதுபோல் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, "அங்கிள், பானி," என்றாள். இவர் முழுவதையும் குடித்தார்.

மாலையில் இரண்டு கதையையும் இவரிடம் சொன்னேன்.

"இங்கிலீஷ்காரன் எடுத்ததுதான் சரி."

"ஏனுங்க?"



கொண்டுவந்த பெட்டியை இவர் இன்னும் திறக்கவில்லை. மறுபடி எப்போது கிளம்புகிறார் என்று நானும் கேட்கவில்லை.