ஜாரெட்டின் அடக்கப் பிரசங்கம்

1865 ஜூலை 11, செவ்வாய்

பீன்ஸ் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. சிவப்புப் பசு நேற்றிலிருந்து நொண்டுகிறது, குளம்பில் முள்.

ஹைரம் ஸ்டோவால் வந்து என் வண்டிச் சக்கரத்தைச் சரிசெய்து கொடுத்தான். எங்கள் சபையின் டீக்கன், இந்த ஓடைக்கரையில் வண்டி செய்பவன், என் வயதுக்காரன். போகும்போது, தன் மகன் ஜாரெட்டுக்கான அடக்கப் பிரசங்கத்தைச் செப்டம்பர் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். சரி என்றேன். புதைப்பது உடனே, பிரசங்கம் பயிர் வேலை ஓய்ந்து உறவுகள் கூடும்போது என்பதுதான் எங்கள் வழக்கம். ஜாரெட் செத்து வருஷம் ஆகப்போகிறது. உள்நாட்டுப் போரில் வடக்கின் யூனியன் சிப்பாயாக இருந்து விடுப்பில் வந்தவனைத் தெற்கின் கலகக்காரக் கும்பல் ரயிலிலிருந்து இறக்கிச் சுட்டது. தண்டவாளத்தின் ஓரம் எல்லோரையும் ஒரே குழியில் போட்டு மூடியது ராணுவம். ஒரு ஜெபம்கூட இல்லை.

போதகன் நான் என்ன பேசுவது என்று இப்போதே யோசிக்க வேண்டும்.

ஜூலை 16, ஞாயிறு

வெக்கை. பிரசங்கத்தின்போது பாதிப் பேர் தூங்கினார்கள். நான் பேசவேண்டியிராவிட்டால் நானும் தூங்கியிருப்பேன்.

ஜூலை 22, சனி

கோர்ட்டுக்குப் போய் அந்தச் சத்தியப் பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன். மிசூரியின் புதிய அரசியல் சட்டப்படி போதகர், டீக்கன், வாத்தியார், வக்கீல் என்று எல்லோரும் செப்டம்பர் இரண்டாம் தேதிக்குள் அந்தச் சத்தியம் செய்து கோர்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாதவன் பிரசங்கம் செய்தால் குற்றம். கல்யாணம் செய்துவைத்தாலும் குற்றம்.

பத்திரத்தில் இருப்பது: கலகக்காரர்களோடு சேர்ந்து ஆயுதம் எடுத்ததில்லை - சரி. உதவி செய்ததில்லை - இது கொஞ்சம் இடிக்கிறது. சொல்லாலோ செயலாலோ அவர்களிடம் அனுதாபம் காட்டியதில்லை - இங்கே நின்றுவிட்டேன்.

கிளார்க் நல்ல மனுஷன். "கண்ணை மூடிட்டு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் ஐயா. கலகக்காரங்க குதிரையைத் தன் கொட்டகையில கட்டிவெச்சவன்லாம் வந்து போட்டுட்டுப் போறான்," என்றார்.

வீட்டுக்கு வந்து கெசியாவிடம் சொன்னேன். என் மனைவிக்கு எதையும் சுற்றிவளைத்துப் பேச வராது. "துப்பாக்கியைக் காட்டி நின்னவங்களுக்கு நான் எத்தனை தடவை சோள ரொட்டி சுட்டேன்னு அந்தப் புத்தகத்துல எழுத இடம் இருக்கா?" என்று கேட்டாள். அது வற்புறுத்தல், கணக்கில் வராது என்றேன். "அப்ப எது கணக்குல வரும்?" என்றாள்.

எது என்று அவளுக்கே தெரியும்.

ஜூலை 23, ஞாயிறு

ஓரன் பர்டெட். பதினேழு வயது. அதுதான் கணக்கில் வருவது.

ஜாரெட்டைச் சுட்ட அதே கும்பலோடு காட்டுக்குள் திரிந்தவன் ஓரன். அன்று ரயிலடியில் அவன் இருந்தானா இல்லையா, யாருக்கும் தெரியாது. போன அக்டோபரில் நம் யூனியன் காவல்படை அவனைச் சுட்டுப் பாதையோரம் போட்டுவிட்டுப் போனது. அவன் அம்மா, விதவை, கைவண்டியில் ஏற்றித் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். யாரும் மண்வெட்டி எடுக்க வரவில்லை. நான் போனேன். ஜாரெட்டும் ஓரனும் என்னிடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவர்கள். முகத்தின் மேல் மண் போடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே அழுதேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

ஹைரம் வந்தான். நான் வேலியில் கம்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அவனும் ஒரு முனையைப் பிடித்தான். கொஞ்ச நேரம் மக்காச்சோளம் எப்படி வந்திருக்கிறது என்று பேசினோம்.

"போட்டாச்சா?" என்றான். இல்லை என்றேன்.

கம்பைக் கீழே வைத்தான். "அந்த பர்டெட் பையனைப் புதைச்சப்போ நீ அழுதியாமே. நிஜமா?"

பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை நான். காவல்படை குதிரை கேட்டு வந்தபோது, ஓடைக்கு அப்பால் மறைத்துக் கட்டிவிட்டு, செத்துப்போச்சு என்று சொன்னவன்தான். ஆனால் ஹைரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழுதேன், ஹைரம்."

"என் பிள்ளை செத்த சேதி வந்தப்போ நீ எங்க வீட்டுலதான் இருந்தே. உன் கண்ணுல ஒரு சொட்டு வரலே. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பத்து மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டுதான் என் சக்கரத்தைச் சரிசெய்திருக்கிறான். என் பிரசங்கத்துக்கு ஆமென் சொல்லியிருக்கிறான்.

பிறகு, "போகட்டும். அவங்ககிட்ட எனக்கு இரக்கமே இல்லேன்னு அந்தப் புத்தகத்துல எழுதிக் குடு. சட்டத்துக்காக இல்லே. எனக்காக," என்றான். என்னால் முடியுமா என்று தெரியவில்லை என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அப்ப என் பிள்ளைக்கு யார் பிரசங்கம் பண்ணுவாங்கன்னு நீங்களே சொல்லுங்க, போதகரே," என்றான்.

நீங்க. போதகரே. முப்பது வருஷத்தில் முதல் தடவை.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஒரு கையெழுத்து. இறந்தவன் இறந்துவிட்டான், நான் இரக்கப்பட்டேன் என்பதால் ஓரனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கும் ஹைரமுக்கு அது வேண்டும். போட்டால் என்ன குறைந்துவிடும்?

வேதத்தின்மேல் கை வைத்து, எனக்குள் இருந்த கொஞ்சநஞ்ச நல்லதை இல்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் குறையும். இருப்பதே கொஞ்சம்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஹைரம் சபைக்கு வரவில்லை.

செப்டம்பர் 2, சனி

கடைசி நாள். போடுவதாக முடிவு செய்துதான் குதிரையில் ஏறினேன். கெசியா மத்தியானத்துக்கு ரொட்டியும் பன்றிக்கறியும் கட்டிக் கொடுத்தாள்.

கிளார்க் பேனாவை மையில் தொட்டுக் கொடுத்தார். புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெயர்களாகவே இருந்தன. ஹைரம் ஸ்டோவால், தெளிவான பெரிய எழுத்து. அவன் போட்டது உண்மை. அதற்குக் கீழே நான் பொய்யை எழுத வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மன்னிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வழியெல்லாம் மழை.

இதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கை ஓடவில்லை. அழக்கூடத் தோன்றுகிறது, ஹைரமை நினைத்தால்.

செப்டம்பர் 3, ஞாயிறு

பத்தொன்பது வருஷத்தில் பிரசங்கம் இல்லாத முதல் ஞாயிறு. வாசலில் கோழிகளுக்கு ஒரு அதிகாரம் படித்துக் காட்டச் சொன்னாள் கெசியா. அவை கையெழுத்துக் கேட்காதாம்.

செப்டம்பர் 6, புதன்

கெசியா மாவு மில்லில் கேட்டுவந்த செய்தி: சத்தியம் செய்த போதகர் ஒருவரைக் கோர்ட் ஊரிலிருந்து அனுப்புவதாகச் சொன்னார்களாம். தன் பிள்ளையின் முகம் தெரியாதவர் அவனைப் பற்றி என்ன பேசுவார் என்று ஹைரம் மறுத்துவிட்டானாம். என்னையும் கூப்பிடவில்லை. தேதியையும் மாற்றவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். "பிரசங்கம் பண்ணத்தானே தடை? உக்காரவுமா தடை?" என்று கெசியா என் கோட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

மூன்று மாவட்டங்களிலிருந்து ஜனம் வந்திருந்தது. ஓக் மரங்களின் கீழ் நீள மேசைகளில் சாப்பாடு மூடி வைத்திருந்தார்கள். ஓரனின் அம்மா, விதவை பர்டெட், சபைக் கட்டடத்துக்குள் வரவில்லை. தன் வண்டியை ஜன்னலோரம் நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

நான் கடைசிப் பெஞ்சுக்குப் போனேன். இந்த ஜனவரி வரை அடிமைகள் உட்கார்ந்த பெஞ்சு. விடுதலை வந்ததும் அவர்கள் அக்கரையில் தங்களுக்கென்று சபை வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய போதகர் முதல் நாளே சத்தியம் செய்துவிட்டார், அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அங்கிருந்து பார்த்தால் மேடை பாதிதான் தெரிகிறது. இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாது.

பாட்டு முடிந்தது. மேடை காலி. யாரோ இருமினார்கள். பிறகு ஹைரம் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து, என் பக்கம் திரும்பினான்.

"என் பிள்ளையை ஓடையில முக்கி ஞானஸ்நானம் குடுத்தது நீங்கதான். அன்னைக்கு அவன் எப்படி இருந்தான்?"

உட்கார்ந்தபடியே சொன்னேன். பிப்ரவரி மாதம், பனிக்கட்டியை உடைத்துவிட்டுத்தான் இறங்கினோம். மேலே வந்ததும் பல் கிடுகிடுக்க, கரையில் நின்ற அம்மாவிடம் "சாப்பாடு ரெடியா?" என்றுதான் கேட்டான். பெண்கள் பக்கம் சிரிப்பும் அழுகையும் கலந்து கேட்டது. ஹைரம் இன்னொன்று கேட்டான். சொன்னேன். படிப்பில் எப்படி, யாருக்கும் தெரியாமல் என்ன சேட்டை செய்தான், படையில் சேரும் முன் என்னிடம் வந்து என்ன பேசினான். பயமாக இருக்கிறது என்று சொன்னான், அதையும் சொன்னேன்.

அப்புறம் ஹைரம், எல்லோர் முன்னாலும், "அந்தப் பையனுக்கு அழுதீங்களே. என் பிள்ளைக்கு ஏன் அழலே?" என்றான்.

"அன்னைக்கு நீ என் தோள்ல விழுந்தே, ஹைரம். நானும் அழுதிருந்தா உன்னைத் தாங்க அந்த வீட்டுல யார் இருந்தா?"

அவன் உட்கார்ந்துவிட்டான். எப்போது எழுந்தேன், எப்போது முன்னால் போனேன், நினைவில்லை. மேடையில் ஏறவில்லை; அவன் பெஞ்சுக்கு எதிரே நின்று பேசினேன். ஒரு மணி நேரம் என்கிறாள் கெசியா. அழுதுகொண்டேதான் பேசினேன். துடைத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டின்போது ஹைரம் என்னிடம் வரவில்லை. தூரத்திலிருந்து தொப்பியைத் தொட்டான்.

செப்டம்பர் 27, புதன்

யார்மேல் வழக்குப் போடலாம் என்று தீர்மானிக்கும் கிராண்ட் ஜூரி கூடியிருக்கிறது. யாரோ என்மேல் புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஹைரமும் ஒருவன். தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லி அனுப்பினார்: ஹைரம் கேட்டார், போதகர் பதில் சொன்னார், அக்கம்பக்கத்தார் பேச்சு, பிரசங்கம் இல்லை - நாலு பேரும் இப்படிச் சொன்னால் வழக்கே நிற்காது. முழுப் பொய்யும் இல்லையே என்றார். எனக்கும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது.

அக்டோபர் 5, வியாழன்

ஷெரிப் வந்தார். சோளப் பாகு காய்ச்சி முடிக்கும்வரை அவகாசம் தந்திருக்கிறார். திங்கட்கிழமை நானாகவே சிறைக்கு வந்துவிட வேண்டும்.

மூன்று பேர் வக்கீல் சொன்னபடி சொன்னார்களாம். ஹைரம் ஸ்டோவால் மட்டும், "பிரசங்கம்தான் பண்ணினார். நான் கேட்டதுலேயே நல்ல பிரசங்கம்," என்றானாம். கெசியா கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 9, திங்கள். மாவட்டச் சிறை.

ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் போதும். எழுத விடுகிறார்கள்.

காலையில் கிளம்பும் நேரத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது. ஹைரம். புது வண்டி, இன்னும் சாயம் பூசவில்லை. இருக்கையில் மடித்த போர்வை. கெசியா அவனுக்கு வணக்கம் சொல்லவில்லை. அவன் அவளிடம்தான் முதலில் பேசினான்.

"கோவிச்சுக்கோ கெசியா, அது நியாயம்தான். ஆனா வெறும் பேச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அப்படிச் சொன்னா என் பிள்ளைக்கு அடக்கப் பிரசங்கமே நடக்கலேன்னு ஆயிடும்ல?"

அவள் உள்ளே போய் இரண்டாவது ஆளுக்கும் சேர்த்து ரொட்டி கட்டிக்கொண்டு வந்தாள்.

நான் வண்டியில் ஏறினேன். பாலம் தாண்டினோம். அப்புறம் அவன், அந்த பர்டெட் பையனுக்கு அடக்கப் பிரசங்கம் நடந்ததா என்று கேட்டான். இல்லை என்றேன்.

"நீ வெளிய வந்ததும் வெச்சுக்கலாம். அவன் அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்," என்று சொல்லிக் குதிரையைத் தட்டினான்.