அப்பா சொன்னதாக நான் சொன்னது

நேயாஃபு, வவாவு
ஞாயிறு, தேவாலயத்திலிருந்து வந்த பிறகு

அன்புள்ள லிசியாதே,

இது உன் கைக்கு வரும்போது நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். இங்கே நாங்கள் இருக்கிறோம். அப்பாவுக்கு வலது கை இன்னும் எழவில்லை, பேச்சும் திரும்பவில்லை, அவரைத் தூக்கி உட்கார வைத்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஊருக்குத் திரும்பிய ஓஃபாவின் தம்பியிடம் நீ கொடுத்தனுப்பிய பென்டிரைவ் வந்தது. அப்பாவின் பழைய லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டே வரலாம், அவ்வளவு மெதுவாகிவிட்டிருந்தது. பென்டிரைவில் உள்ள லினக்ஸ் சிஸ்டம் இலவசம், பழைய மெஷினிலும் ஓடும், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று நீ எழுதியிருந்ததை நம்பித்தான் உட்கார்ந்தேன். ஆன் செய்ததும் எஃப் பன்னிரண்டை விடாமல் தட்டச் சொன்னாய், மூன்று தடவை தவறவிட்டு நாலாவதில் பிடித்தேன். முதலில் எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. நிரந்தரமாகப் போடப்போனால் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்கிறது, மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பாடகர் குழுவுக்கு அப்பா எழுதிய பாட்டெல்லாம் அதில்தானே இருக்கிறது. நூலகத்தில் வேலை பார்க்கும் ஓஃபாவுக்குப் போன் போட்டேன், "லுசேனே அக்கா, அந்தப் பட்டன தொட்டுடாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று மழையில் நனைந்துகொண்டே வந்தாள். பாட்டுகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்து, ஒன்றிரண்டைத் திறந்தும் பார்த்துவிட்டு, "இப்ப அமுக்குங்க" என்றாள். அரை மணியில் முடிந்துவிட்டது.

திரையிலேயே பெரிய எழுத்துப் பலகை வரும்படி செய்ததும் அவள்தான். இடது கையால் மவுஸை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாக அமுக்க வேண்டும். அப்பா ஒரு வாரம் முனகினார், மவுஸைத் தள்ளிவிட்டார், நான் எடுத்து எடுத்து வைத்தேன். ஒன்பதாம் நாள், தேங்காய்ப்பாலில் நான் வேகவைத்த லூ இலைக்கறியைத் தின்றுவிட்டு எழுதினார்: "லூல உப்பே இல்ல." மூன்று மாதமாக இந்த மனிதர் என்ன நினைக்கிறாரோ என்று ஏங்கிக் கிடந்தவளுக்கு வந்த முதல் பேச்சு இது. டாக்டர்தான் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

போன வியாழக்கிழமை உன் செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவே வர வேண்டாம் என்றதால் அங்கேயே பழத்தோட்டத்தில் இன்னொரு பருவ வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான். கேட்டதும் முகம் மாறி லேப்டாப்பைக் காட்டினார். கால் மணி நேரம் அமுக்கினார். "நான் அப்படி சொல்லல."

அவர் சொல்லவில்லை லிசியாதே. வரட்டுமா என்று நீ போனில் கேட்ட அன்று அவர் தலையை ஆட்டி ஏதோ சத்தம் போட்டார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, வர வேண்டாம் என்கிறார் என்று நானே சொல்லிவிட்டேன். குழு முன்னால் நிமிர்ந்து நின்று பாடியவரை நீ வாயோரம் எச்சில் வழியப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றிற்று. அது என் வெட்கம், அவருடையது அல்ல. அதை அவரிடமும் சொன்னேன். மவுஸைப் பிடித்து எழுதினார்: "நீ ஷேவ் பண்ணா கன்னத்த வெட்டுற. அவன வரச் சொல்லு."

அதனால் கையெழுத்துப் போடாதே, முதலாளியிடம் பேசிவிட்டு வா. ஆண்டவர் உன் வழியைக் காக்கட்டும், வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுகிறேன். இனி அவர் சொன்னதாக நான் எதுவும் எழுத மாட்டேன், அவரே எழுதுவார்.

உன் அம்மா,
லுசேனே